எதிலிருந்து விழிப்பது

மஞ்சக்குப்பத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
எட்டுக்குப் பத்து அடியில் என் கடை.
கிரயம், பாகப்பிரிவினை, விடுதலை, ரத்து
எல்லாம் தட்டப்படுவது இந்த ஒரு பெட்டியில்தான்.

ஆனியில் அதன் வயிற்றில் ஒரு சத்தம்.
டக். கொஞ்சம் யோசனை. டக் டக்.
தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று
திருகாணியின் தலையைத்தான் முதலில் தின்னும்,
அப்புறம் உள்ளே போகும் என்றார் தஸ்தகீர்.
ஓ.டி.யிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர்.
ஒரு மாதம் ஓடலாம், சாயங்காலமே நிற்கலாம் என்று
டாக்டர்கள் மென்று விழுங்குவதை
டீயை ஊதிக்கொண்டே சொல்லிவிடுவார்.

புது ஹார்டு டிஸ்க் வந்தது.
தேய்ந்த சோப்புக்கட்டி கனம்கூட இல்லை.
சுழல அதில் எதுவுமில்லையாம்.
இதுவா என்றேன். இதுதான் என்றார்.

பழையதையும் புதியதையும் கம்பியால் பிணைத்துவிட்டு
பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்க என்றார்.
போகவில்லை.
நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் கண்ணடித்தது,
யுபிஎஸ் ஒருமுறை அலறிவிட்டுத் தாங்கிக்கொண்டது.
எது வேண்டும் எது வேண்டாம் என்று
அது என்னிடம் கேட்கவேயில்லை.
குப்பைத்தொட்டியைக் குப்பையோடு எடுத்துக்கொண்டது.
பெட்டியை எனக்கு விற்ற திருமேனியின் பெயரை,
நுழைவுத் திரையில் நான் மாற்றாமலே விட்டதை, எடுத்துக்கொண்டது.
"மேற்படி" என்று அடித்தால் "மேற்பதி" என்று விழுமே,
அதையும்.

விடிந்தது. முடிந்தது என்றது.
அணைத்துப் போட்டேன்.
அடேயப்பா, என்ன வேகம்!
பக்கத்து ஜெராக்ஸ் கிறிஸ்துராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
பாருடி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள.
அவளும் பார்த்துவிட்டு ஆமாங்க்கா என்றாள்.
இரண்டு நாள். பதினோரு பத்திரம்.
இடையில் டக் என்றுகூடக் கேட்டது.
பழகின காது, தானாகப் போட்டுக்கொள்கிறது என்று
விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் தஸ்தகீர் காசு வாங்க வந்தார்.
அணைத்து, பழையதன் கம்பியைக் கழற்றி, மறுபடி போட்டார்.
கறுப்புத் திரை. வெள்ளையில் ஒரே வரி,
எழுப்ப ஆளில்லை என்கிற அர்த்தத்தில்.
அவர் ஏன் சிரிக்கிறார் என்று முதலில் புரியவில்லை.

"அக்கா, ரெண்டு நாளா பழசுலதான் ஓட்டியிருக்கீங்க.
எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.
எதுல முழிக்கணும்னு பெட்டிகிட்டச் சொல்லல."

பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் நின்றது.
கேட்டுவிட்டாள்.

நீலத்திரையில் இரண்டு பெயர்கள்.
கீழே இருந்ததை மேலே ஏற்றினார்.
ஒரு பொத்தான், அவ்வளவுதான்.
ஏழு விநாடி.
சத்தமே இல்லை.
ஓடுகிறதா என்று பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தேன்.

பண்ருட்டி வீட்டிலிருந்து என் சாமான்கள் வந்து மூன்று வருடம்.
ஒரு கரண்டிகூட அங்கே விடவில்லை,
தீர்ப்பில் வரிசை எண்ணோடு இருக்கிறது.
இன்னும் ஐந்தேகாலுக்கு விழிக்கிறேன்.
அந்த வீட்டில் மோட்டார் போடும் நேரம்.
இங்கே குழாயில் ஏழரைக்குத்தான் தண்ணீர்.

புதியதற்குத் திங்கள் இரவு வரைதான் தெரியும்.
செவ்வாயும் புதனும் பழையதிலேயே கிடந்தன.
கம்பியை மறுபடி மாட்டி
பதினொன்றையும் ஒவ்வொன்றாக என் கையாலேயே மாற்றினேன்,
பெயர் வாசித்து, திறந்து பார்த்து, மூடி.

பழசை என்ன செய்ய, அழிச்சிடவா என்றார்.
மேசை டிராயரில் போடச் சொன்னேன்.
நாலு திருகாணியில் ஒன்று துருவேறி ஏறவில்லை.
மூன்றே போதும் என்றார். போதும்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிறிஸ்துராணி:
"அக்கா, இப்ப வேகமா இருக்கா?"

இருடி, பார்த்துச் சொல்றேன்.